கண்டியில் தந்த வவுச்சருக்காக இன்னொரு பஸ் ஏறலாமா?

கேள்வி: போன மாதம் கண்டியில் ஒரு பெரிய உடுப்புக் கடையில் 10,400 ரூபாவுக்குச் சாமான் எடுத்தோம். ஐயாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 1,000 ரூபா வவுச்சர் இரண்டு தந்தார்கள். பிள்ளைகளின் தீபாவளி உடுப்புக்கு உதவும் என்று பார்த்தால் பின்பக்கத்தில் ஏகப்பட்ட நிபந்தனை. குறைந்தது 4,000 ரூபாவுக்கு வாங்க வேண்டும், ஒரு பில்லுக்கு ஒரு வவுச்சர்தான், கழிவு போட்ட சாமானுக்குச் செல்லாது, மாதக் கடைசிக்குள் பாவிக்க வேண்டும். இன்னொன்று: அங்கே 3,200 ரூபாவை வெட்டிவிட்டு 40 வீதம் கழித்து 1,920 ரூபாவுக்குத் தந்த அதே சேர்ட், அட்டன் டவுனில் கழிவு எதுவும் இல்லாமல் 1,950 ரூபாவுக்குத் தொங்குகிறது. எங்களை ஏமாற்றிவிட்டார்களா? வவுச்சருக்காகத் திரும்பவும் கண்டிக்குப் போகலாமா?
— அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி

பதில்: சேர்ட்டில் உங்களுக்கு நட்டம் இல்லை. அட்டன் விலையோடு பார்த்தால் 30 ரூபா லாபம். ஆனால் கடையை விட்டு வெளியே வரும்போது 1,280 ரூபா மிச்சம் என்ற நினைப்பில் வந்திருப்பீர்கள். அந்தச் சந்தோஷத்தில் பக்கத்து ரக்கிலிருந்து ஒரு துவாயோ பெட்ஷீட்டோ கூடுதலாக எடுத்திருந்தால், கடைக்காரர் நினைத்தது நடந்துவிட்டது.

வெட்டிவிட்ட அந்த 3,200 ரூபாவின் வேலையே அதுதான். ஒரு சேர்ட் தைக்க என்ன செலவு, துணி என்ன தரம் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. அரிசி, பருப்பு, மாவு விலை நாக்கு நுனியில் இருக்கும். உடுப்பு விலை அப்படி இருக்காது, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதானே எடுக்கிறோம். அதனால் கடை தரும் பெரிய எண்ணையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம். அந்த விலைக்கு அந்த சேர்ட் எப்போதாவது விற்றதா என்று யாரும் கேட்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் இதற்கு ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது: விலையைக் குறைத்திருப்பதாகப் போடும் கடை, அதற்கு முந்திய 30 நாட்களில் அந்தச் சாமானுக்கு இருந்த ஆகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். விழாவுக்கு முதல் கிழமை விலையை ஏற்றிவிட்டு, விழாக் கிழமையில் "கழிவு" போடும் வேலைக்கு அது கடிவாளம்.

அப்படியென்றால் கழிவே இல்லாமல் நேர்மையான ஒரே விலையைப் போட்டால் சனம் வருமா? அமெரிக்காவில் ஒரு கடை அதைச் செய்து பார்த்தது. ஜே.சி. பென்னி என்ற பழைய, பெரிய பல்பொருள் அங்காடிச் சங்கிலி. அப்பிள் நிறுவனத்தின் கடைகளை நடத்திப் பேர்பெற்ற ரொன் ஜோன்சனைத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். அவர் 2012 பெப்ரவரியில் கூப்பன்களையும் அடிக்கடி போடும் சேல்களையும் தூக்கிவிட்டு, ஆரம்பத்திலிருந்தே குறைந்த விலையைப் போட்டார். காகிதத்தில் பார்த்தால் வாடிக்கையாளருக்கு நல்ல காரியம்தான். நடந்தது வேறு. அந்த ஒரே வருடத்தில் விற்பனை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விழுந்தது. நட்டம் கிட்டத்தட்ட 100 கோடி டொலர். 2013 ஏப்ரலில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், கூப்பன் திரும்பி வந்தது.

அந்த வாடிக்கையாளர்கள் முட்டாள்கள் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூப்பனை வெட்டிச் சேர்த்து, திகதி பார்த்துக் கடைக்குப் போவது ஒரு சாமர்த்தியம். வீட்டுச் செலவை இழுத்துப் பிடிக்கும் பெண்களுக்கு அதில் ஒரு பெருமையும் இருக்கிறது. கடை அந்தப் பெருமையைத் தூக்கிக் குப்பையில் போட்டது. அவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். ஆனால் மற்றப் பக்கமும் உண்டு. இதே நிறுவனம், போலியான "முந்திய விலை" காட்டியது என்று தொடுத்த வழக்கொன்றை 2015இல் 5 கோடி டொலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

கூப்பனால் கடைக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரே சாமானை இரண்டு விலைக்கு விற்கலாம். அவசரத்தில் வருபவர், கணக்குப் பார்க்க நேரமில்லாதவர் முழு விலை கொடுப்பார். உங்களைப் போல மெனக்கெட்டு வருபவருக்குக் குறைந்த விலை. முகத்தைப் பார்த்து விலை சொன்னால் சண்டை வரும். கூப்பனைப் பார்த்து விலை சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இனி உங்கள் வவுச்சர். இதுவும் நம் ஊரில் மட்டும் உள்ளது அல்ல. அமெரிக்காவின் கோல்ஸ் கடைகளில் 50 டொலருக்கு வாங்கினால் 10 டொலர் "கோல்ஸ் காஷ்" என்று தருவார்கள். அதையும் அன்றைக்கே பாவிக்க முடியாது. பிறகு வரும் குறிப்பிட்ட சில நாட்களுக்குள் திரும்பி வர வேண்டும். ஐயாயிரத்துக்கு ஆயிரம் என்றதும் மனம் 20 வீதம் என்று கணக்குப் போடும். அது பிழை. 5,000 ரூபா கொடுத்து எடுத்தீர்கள், அப்புறம் குறைந்தது 4,000 ரூபாச் சாமானை 3,000 கொடுத்து எடுக்கிறீர்கள். மொத்தம் 9,000 ரூபாச் சாமான், கையை விட்டுப் போனது 8,000. கழிவு 11 வீதத்துக்குச் சற்று மேல். இரண்டாவது தடவையும் ஐயாயிரத்துக்கு எடுத்தால் 10 வீதம். வவுச்சரைத் தொலைத்துவிட்டாலோ திகதி முடிந்துவிட்டாலோ ஒன்றுமே இல்லை.

எல்லையில் நிற்கும்போதுதான் ஆள் விழுவது. பில் 4,600 ரூபா வந்ததும் காசாளர், "இன்னும் 400 ரூபாவுக்கு எடுத்தால் வவுச்சர் கிடைக்கும்" என்பார். அந்த 400 ரூபாவுக்கு வீட்டில் ஏற்கெனவே தேவைப்பட்ட சாமான் இருந்தால் எடுங்கள். இல்லையென்றால், இன்றைக்கு வேண்டாத ஒன்றை வாங்கி, நாளைக்கு இன்னொரு 4,000 ரூபா செலவழிக்க ஒப்புக்கொள்கிறீர்கள்.

சரி, நீங்கள் போகலாமா? கொடுத்த 10,400 ரூபாவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது போய்விட்டது, "அவ்வளவு கொடுத்தோமே, வவுச்சரை வீணாக்குவதா" என்ற எண்ணம்தான் திரும்ப பஸ் ஏற வைக்கும். இனிமேல் போகப்போகும் காசை மட்டும் பாருங்கள். இரண்டு வவுச்சரையும் பாவிக்க 4,000 ரூபாவுக்குக் குறையாத இரண்டு பில் போட வேண்டும். ஒருவருக்கே இரண்டு பில் போடுவார்களா என்று முதலில் போனில் கேளுங்கள். போடுவார்கள் என்றால் 8,000 ரூபாச் சாமானுக்கு 6,000 கொடுப்பீர்கள். அதோடு பஸ் செலவு. நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போய்வர ஒரு நாளே போய்விடும். இரண்டு பேராகப் போய் மத்தியானம் கண்டியில் சாப்பிட்டால் 2,000 ரூபாக் கழிவில் பெரும் பங்கு அதிலேயே கரைந்துவிடும். தோட்டத்தில் வேலைக்குப் போகாமல் பெயர் போடாத அந்த ஒரு நாள் சம்பளத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய நிபந்தனை, "கழிவு போட்ட சாமானுக்குச் செல்லாது" என்பது. அதாவது அந்த 8,000 ரூபாவும் முழு விலைச் சாமானாக இருக்க வேண்டும். 3,200 ரூபா போட்ட சேர்ட்டின் நடப்பு விலை 1,950 என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. மற்ற முழு விலைகளும் அதே மாதிரி உப்பியிருந்தால், 8,000 ரூபாச் சாமான் அட்டனில் ஆறாயிரத்துக்கும் குறைவாகக் கிடைக்கலாம். அதனால் வழி இதுதான்: பிள்ளைகளுக்கு என்ன என்ன வேண்டும் என்று எழுதி, அட்டனில் இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுக் கூட்டுங்கள். கண்டியில் வேறு வேலை இருந்து, அந்தக் கூட்டுத்தொகை 6,000 ரூபாவையும் பஸ் காசையும் விட நன்றாகக் கூடவாக இருந்தால் போங்கள். வவுச்சருக்கென்றே போவதாக இருந்தால் நான் போக மாட்டேன்.

அட்டன் கடைக்குக் கழிவுப் பலகை இல்லாவிட்டாலும் வேறு சில வசதிகள் உண்டு. தெரிந்த முதலாளியிடம் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து எடுக்கும்போது கேட்டால் கொஞ்சம் குறைப்பார். காற்சட்டை இடுப்பில் இறுக்கினால் அடுத்த நாள் கொண்டுபோய் மாற்றலாம். கண்டியில் கழிவில் எடுத்ததை மாற்றித் தருவார்களா என்பதை எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும், மாற்றித் தந்தாலும் அதற்கு இன்னொரு பஸ். குளிருக்கு ஜேர்சி, ஜக்கெட் வேண்டுமென்றால் நுவரெலியா பேல் பஸாரையும் பார்த்துவிடுங்கள். அங்கே முதலில் சொல்லும் விலையும் ஒரு வகையில் வெட்டிவிட்ட 3,200 மாதிரித்தான், பேசிக் குறைப்பது உங்கள் வாய்ச் சாமர்த்தியம்.

மற்ற ஒஃபர்களுக்கும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். "40 வீதம், அதற்கு மேல் வங்கி அட்டைக்கு 20 வீதம்" என்றால் 60 அல்ல, 52. இரண்டாவது கழிவு, நூறு ரூபாவில் மிஞ்சிய 60 ரூபாவில்தான் விழும். இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 33 வீதம். இரண்டாவதுக்குப் பாதி விலை என்றால் 25 வீதம்தான். கடன் அட்டைக் கழிவுக்கு எடுத்துவிட்டு மாதக் கடைசியில் முழுத்தொகையையும் கட்டாவிட்டால், வட்டி அந்தக் கழிவைத் தின்றுவிடும். தீபாவளி அட்வான்ஸ் காசும் பிறகு சம்பளத்தில் வெட்டப்படும் கடன்தான் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஏமாற்றினார்களா என்ற கேள்வி. வவுச்சர் நிபந்தனை பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. அதை வைத்து மட்டும் வழக்குப் பேச முடியாது. ஆனால் வாசலில் எந்த நிபந்தனையும் இல்லாத மாதிரிப் பலகை வைத்து, கவுண்டரில் வைத்து மறுத்தால் அது வேறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடை செய்கிறது. இதற்கு முன் ஒருபோதும் விற்காத விலையை "முந்திய விலை" என்று போடுவதும் என் பார்வையில் இதற்குள்தான் வரும். நிரூபிப்பதுதான் கஷ்டம், விழாவுக்கு ஒரு மாதம் முந்தி எடுத்த விலைச்சீட்டுப் படம் ஒன்று போனில் இருந்தால் பேச ஏதாவது இருக்கும். பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் அது நேரடியான குற்றம், அதற்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை.

முறையிடுவதென்றால் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். எழுத்தில் கொடுக்கும் முறைப்பாட்டை, சாமான் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மாவட்ட அலுவலகத்திலும் ஏற்பார்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை. இப்போதைய பில் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், அன்றைக்கே ஒரு படம் எடுத்து வையுங்கள்.

வவுச்சரை நாள் கணக்கில் பெட்டிக்குள் வைத்திருப்பதும் நல்லதல்ல. பெட் பாத் அண்ட் பியோண்ட் என்ற அமெரிக்கக் கடை அதன் 20 வீதக் கூப்பனுக்கே பேர்போனது. சனம் காருக்குள்ளும் லாச்சிக்குள்ளும் அடுக்கி வைத்திருந்தது. 2023 ஏப்ரலில் கடை முறிந்தது; அதே மாதம் 26ஆம் திகதி முதல் அந்தக் கூப்பன் எதுவும் அங்கே செல்லாமல் போனது. உங்கள் இரண்டு வவுச்சரிலும் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால், கண்டியிலோ பேராதனையிலோ இருக்கும் சொந்தக்காரர் யாரும் எப்படியும் அந்தக் கடையில் தீபாவளிக்கு எடுக்கத்தான் போகிறார்கள் என்றால், மாதக் கடைசிக்கு முன் அவர்களிடம் கொடுத்து ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொள்ளுங்கள்.