பாஸ்புக்கில் அந்த 20 ரூபாய் இருக்கிறதா?

கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 54 வயது, விவசாயக் கூலி. களத்தில் படுத்திருந்தபோது பாம்பு கடித்து, மறுநாள் அரசு மருத்துவமனையில் இறந்துவிட்டார். 18 நாள் ஆகிறது. போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் காரணம் எழுதாமல், ரசாயனப் பரிசோதனைக்குப் பிறகு என்று போட்டிருக்கிறார்கள். அரசு 4 லட்சம் தரும், நான் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் 15,000 கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட.

அந்த 4 லட்சம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். உத்தரப் பிரதேசம் 2018-ல் பாம்புக்கடியை மாநிலப் பேரிடராக அறிவித்து 4 லட்சம் தருகிறது. ஒடிசாவும் அப்படித்தான். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு, நம் ஊர் தாலுகா ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டே ரேட் பேசுகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். இங்கே முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு மனு கொடுக்கலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது கொடுத்தால் உண்டு, உரிமையாகக் கேட்க முடியாது. அதை எந்த புரோக்கரும் 'முடித்து'த் தர முடியாது.

இன்றே செய்ய வேண்டியது வேறு. அப்பாவின் பேங்க் பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வாங்கி, மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதுதான் பிரதமர் சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீடு, விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஜன்தன் கணக்கு தொடங்கும்போது கையெழுத்து வாங்கியிருப்பார்கள், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. கிளைம் படிவத்தை விபத்து நடந்த 30 நாளுக்குள் பேங்க் கிளையில் கொடுக்கச் சொல்கிறார்கள், கடித்தது இறப்புக்கு முந்தைய நாள் என்பதால் உங்களுக்கு இன்னும் 11 நாள்தான் இருக்கிறது.

கவுன்டரில் "எஃப்.ஐ.ஆர். எங்கே?" என்பார்கள். இந்த இடத்தை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். சாலை விபத்து, நீரில் மூழ்குவது போன்றவற்றுக்குத்தான் போலீஸில் புகார் பதிந்திருக்க வேண்டும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது மாதிரியானவற்றுக்கு, உடனே போன ஆஸ்பத்திரியின் பதிவே ஆதாரம் என்று திட்டத்தின் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. அதனால் அட்மிஷன் சீட்டு, ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, கேஸ் ஷீட் நகல் மூன்றையும் ஆஸ்பத்திரியில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். விஷமுறிவு ஊசி போட்டது அதில் இருக்கும். எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள், கெடுதல் இல்லை. "உடனே" என்ற வார்த்தைதான் பலரைக் கவிழ்க்கிறது. மந்திரிக்கப் போய் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்தால், உயிரும் போகும், சீட்டில் நேரமும் இடிக்கும்.

போஸ்ட்மார்ட்டம் அறிக்கையைத் திருத்தித் தருகிறேன் என்று அந்த 15,000 கேட்ட ஆள் சொன்னால் பக்கத்திலேயே போகாதீர்கள். மத்தியப் பிரதேசம் சிவனி மாவட்டத்தில் ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பாம்பு கடித்துச் சாகடித்து, காகிதத்தில்தான், 11 கோடிக்கு மேல் சுருட்டினார்கள். அந்த மாதிரி கூத்தெல்லாம் சேர்ந்துதான் உண்மையான ஃபைலையும் சந்தேகத்தோடு பார்க்க வைக்கிறது. கட்டுவிரியன் கடித்தால் பல்தடம்கூடத் தெரியாது, டாக்டர் முடிவை நிறுத்தி வைத்ததில் தப்பில்லை. இறுதிக் கருத்து எப்போது வரும் என்று ஸ்டேஷனில் எழுதிக் கேளுங்கள், நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு.

நானும் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன்தான், அதனால் சொல்ல உரிமை உண்டு. 2024-ல் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கினார்கள், ஒவ்வொரு கடியையும் கணக்கில் எழுதுகிறார்கள், நல்லதுதான். செத்தவன் வீட்டுக்கு என்ன? உத்தரப் பிரதேசத்தில் விசரா (உள்ளுறுப்பு ரசாயனப் பரிசோதனை) அறிக்கைக்குக் காத்திருக்காமல் 7 நாளில் பணத்தைக் கொடு என்று 2021-லேயே உத்தரவு போட்டார்கள். இங்கே அந்த மாதிரியை லேபுக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம்.

அப்புறம், உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் அப்பா பதிந்திருந்தாரா என்று வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். விவசாயக் கூலிகளுக்கும் அது உண்டு. வாரிசு சான்றுக்கு இ-சேவையில் இப்போதே விண்ணப்பியுங்கள். அம்மா பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.