பழனி பாதயாத்திரை: திரும்பி வரும் வழி

கேள்வி: தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் பழனிக்கு நடந்து செல்லும் 18 பேர் கொண்ட குழு எங்களுடையது. நெசவுதான் பிழைப்பு. நடந்து போக அதிகம் செலவாவதில்லை. திரும்பி வர வேன் அமர்த்துவதில்தான் கைப்பணம் கரைகிறது. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகி, சென்னிமலை

பதில்: காங்கேயம், ஊதியூர், தாராபுரம் என்று நீங்கள் நடக்கும் ஏறத்தாழ 90 கிலோமீட்டரிலும் அன்னதானப் பந்தல்கள் பசியாற்றிவிடுவதால், யாத்திரையின் பெருஞ்செலவு சாமி கும்பிட்ட பிறகுதான் தொடங்குகிறது. ஆகவே புறப்படும் நாளைக் குறிக்கும்போதே திரும்பும் நாளையும் குறித்துவிடுங்கள்.

வேனுக்குப் போகவர இரு வழிக்கும் வாடகை கேட்பார்கள். தரிசன வரிசையில் நீங்கள் நிற்கும் நேரத்துக்குக் காத்திருப்புக் கட்டணமும் ஓட்டுநர் படியும் சேரும். அரசுப் பேருந்தே உங்களுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் பூசத்தன்று மாலையில் அதை நம்ப வேண்டாம். கொப்புளம் வெடித்த காலோடு, ஒரு கையில் பஞ்சாமிர்த டப்பாக்களும் மறு கையில் குழந்தையுமாக ஒரு தாய் படியேற முடியாமல் அடுத்தடுத்து மூன்று பேருந்துகளை விட்டுவிட்டு நின்றதைப் பழனி பேருந்து நிலையத்தில் கண்டிருக்கிறேன். இன்றும் மனம் பதைக்கிறது. தேர் பார்க்கும் வேண்டுதல் இருந்தால் அன்றிரவு தங்கி, விடியற்காலையில் கிளம்புங்கள். இல்லையென்றால், பத்து நாள் திருவிழாவில் கொடியேறிய மறுநாளே போய்ச் சேர்ந்தாலும் குறையில்லை என்பது என் கருத்து. எடப்பாடி காவடிக் குழுவினர் பூசம் முடிந்து சில நாள் கழித்துத்தானே மலையேறித் தங்குகிறார்கள்!

ஈரோட்டுக்கு நேர்ப் பேருந்து வரட்டும் என்று காத்திருக்காமல், தாராபுரம் பேருந்தில் ஏறி, அங்கிருந்து காங்கேயம், பிறகு சென்னிமலை என்று மாறி வாருங்கள். ஆறாறு பேராகப் பிரிந்தால் இடம் எளிதில் கிடைக்கும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில் மட்டுமே என்பதால், வெளியூர்ப் பேருந்துகளுக்கான பயணச்சீட்டுப் பணத்தைக் கணக்கில் சேருங்கள். ரயில் என்பது உடுமலை, பொள்ளாச்சி, கோவை, திண்டுக்கல், மதுரைப் பக்கத்தாருக்குத்தான் உதவும். ஈரோட்டுக்குப் பழனியிலிருந்து நேர்ப் பாதை கிடையாது.

பாத்திரம் ஏற்றி வந்த சரக்கு வண்டியிலேயே ஆட்களும் திரும்புவது சில குழுக்களில் நடக்கிறது. அதை மட்டும் செய்யாதீர்கள். சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. மாலை போடும் அன்றே ஆளுக்கான திரும்பும் கட்டணத்தை வாங்கித் தனியே ஒரு மஞ்சள் துணியில் முடிந்து குருசாமியிடம் கொடுத்துவிடுங்கள். கடைவீதியில் அந்தப் பணம் செலவாகாமல் இருக்கும்.