டெல்லி, ஆக்ரா: கட்டிய வரிசையில் பாருங்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பிப்ரவரியில் ஏழு நாள் வட இந்தியப் பயணம் போக நினைக்கிறோம். டிராவல்ஸில் விசாரித்தால் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் மூன்றையும் ஐந்தே நாளில் காட்டிவிடுவதாகச் சொல்கிறார்கள். போய்வந்த நண்பர்களோ, ‘எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். சிவப்புக் கல், கும்மட்டம், கல்லறை’ என்கிறார்கள். எங்களுக்குக் கொஞ்சம் புரிந்து பார்க்க ஆசை. மனைவிக்கு மூட்டு வலி, படி அதிகம் ஏற முடியாது. எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?”

முதலில், விடவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஜெய்ப்பூரை இந்த முறை விட்டுவிடுங்கள். 1727-இல் திட்டமிட்டுக் கட்டிய நகரம் அது. அதற்கும் பக்கத்து ஆமேர் கோட்டைக்கும் தனியாக ஒரு பயணம் தேவை. ஏழு நாளில் மூன்று ஊர் என்றால் பாதி நேரம் காருக்குள்தான் போகும். டெல்லிக்கு மூன்று நாள், ஆக்ராவுக்கு நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி நல்ல தேர்வு. மாத ஆரம்பத்தில் சில காலைகளில் பனிமூட்டம் இருக்கலாம், அதனால் பின்பாதியில் போனால் இன்னும் நல்லது.

உங்கள் நண்பர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. பேக்கேஜ் பயணங்களில் வண்டி போகும் வழிதான் வரிசை. இன்று 1648-ஆம் ஆண்டுச் செங்கோட்டை, மதியம் 1190-களின் மசூதி, நாளை தாஜ் மஹால். நானூற்றைம்பது ஆண்டுகளைக் கலைத்துப்போட்டுப் பார்த்தால் எதுவும் மனதில் ஒட்டாது. என் ஆலோசனை ஒன்றுதான்: கட்டிய வரிசையிலேயே பாருங்கள், தாஜ் மஹாலைக் கடைசி நாளுக்கு வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு சுவருக்கு நடுவில் இருக்கும் வெளியைக் கல்லால் எப்படி மூடினார்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரு விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஸ்ரீரங்கத்து மண்டபங்களில் தினமும் பார்ப்பதுதான். தூண், அதன் தலையில் போதிகை, மேலே உத்தரம், அதன்மேல் பலகைக் கற்கள். கல் எவ்வளவு பாரத்தையும் நசுங்காமல் தாங்கும், ஆனால் நீளமாகக் கிடத்தினால் நடுவில் முறியும். அதனால்தான் தூண்களை நெருக்கி நடவேண்டியிருக்கிறது. வளைவு இதற்கு வேறொரு விடை. ஆப்பு வடிவில் வெட்டிய கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும், முறியவேண்டிய கல்லே அதில் இல்லை. இந்த இரண்டு விடைகளும் சந்தித்ததும், போட்டி போட்டதும், கடைசியில் கலந்ததும்தான் நீங்கள் பார்க்கப்போகும் கட்டடங்களின் கதை.

செவ்வாய் இரவு டெல்லி சேர்வதுபோலத் திட்டமிடுங்கள். காரணம் பின்னால் வரும்.

புதன் காலை குதுப் வளாகம். எல்லாரும் 72.5 மீட்டர் மினாரை அண்ணாந்து பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். ஆனால் அதிக நேரத்தை அதன் பக்கத்து மசூதிக்குக் கொடுங்கள். பின்னாளில் டெல்லி சுல்தானான குத்புதீன் ஐபக் 1190-களில் தொடங்கியது அது. இருபத்தேழு கோவில்களைக் கலைத்து எடுத்த பொருளில் கட்டியதாகக் கிழக்கு வாசல் கல்வெட்டே சொல்கிறது. உள்ளே தாழ்வாரத்துத் தூண்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சங்கிலியில் தொங்கும் மணி, கீர்த்திமுகம், பூக்கொடி, சில இடங்களில் முகம் சிதைந்த உருவங்கள். போதிய உயரம் வரவேண்டும் என்று ஒரு தூணின்மேல் இன்னொன்றை நிறுத்தியிருப்பதும் தெரியும். பார்க்க வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் அவசரமாகக் கடந்துபோகாதீர்கள். அந்தச் சிற்பிகளின் கைவேலை இன்று நமக்குப் பார்க்கக் கிடைப்பது அங்கேதான்.

தூண்களைத் தாண்டினால், சுமார் 16 மீட்டர் உயரத்தில் வளைவுகள் கொண்ட பெரிய கல்திரை ஒன்று நிற்கும். அதன் நடு வளைவைப் பார்த்தபடி நின்று, கற்களின் இணைப்புக் கோடுகளை மட்டும் கவனியுங்கள். தரையில் கற்கள் எப்படிப் படுத்திருக்கின்றனவோ, உச்சிவரை அப்படியே படுத்திருக்கும். ஒவ்வொரு வரிசையையும் முந்தியதைவிடச் சற்று முன்னால் நீட்டி, கடைசியில் சேர்த்துவிட்டு, விளிம்பை வளைவாகச் செதுக்கியிருக்கிறார்கள். வடிவம் வளைவு, உள்ளே இருப்பதோ கோவில் தச்சர்களின் பழைய முறை. ஐபக் கேட்டதைத் தங்களுக்குத் தெரிந்த வழியில் செய்துகொடுத்திருக்கிறார்கள்.

அதே வளாகத்தின் தென்புறத்தில் அலாவுதீன் கில்ஜி 1311-இல் கட்டிய அலாய் தர்வாஸா இருக்கிறது. அங்கும் அதே கோடுகளைப் பாருங்கள். கற்கள் விசிறிபோல விரிந்து மேலேறி, உச்சியில் ஆப்புக் கல்லில் பூட்டிக்கொள்ளும். இது உண்மையான வளைவு. உள்ளே போய் மூலையை அண்ணாந்து பாருங்கள். சதுர அறைமேல் வட்டமான கும்மட்டம் உட்காராது. அதனால் நான்கு மூலைகளிலும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறு வளைவுகளை அடுக்கி, சதுரத்தை எண்கோணமாக்கி, அப்புறம் வட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இந்த மூலையை ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், இனி எந்தக் கும்மட்டத்துக்குள் நுழைந்தாலும் உங்கள் கண் முதலில் மூலைக்குத்தான் போகும். திரைக்கும் இந்த வாசலுக்கும் நடுவில் நூறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். நடந்தால் சில நிமிடம். வளாகம் பெரும்பாலும் சமதளம், உங்கள் மனைவிக்குச் சிரமம் இருக்காது. குதுப் மினார் மேலே ஏறவேண்டுமே என்ற கவலையும் வேண்டாம். 1981 நெரிசல் விபத்துக்குப் பிறகு உள்ளே யாரையும் விடுவதில்லை.

வியாழன் அன்று துக்ளகாபாத். கோட்டை இடிபாடுகள் கரடுமுரடான பாதை, அதை விட்டுவிடலாம். சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் கியாசுதீன் துக்ளக்கின் கல்லறையைப் பாருங்கள். அவர் இறந்தது 1325-இல். சாய்ந்த சுவர்கள், வெள்ளைக் கும்மட்டம். வாசல் வளைவுக்குக் கீழேயே ஒரு கல் உத்தரத்தையும் வைத்திருக்கிறார்கள். வளைவு இருக்கும்போது உத்தரம் பாரம் தாங்கவேண்டியதில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே வாசலில் இருக்கின்றன. மாலையில் லோதி தோட்டம். கட்டணம் கிடையாது, நிழலும் பெஞ்சும் உண்டு.

வெள்ளி, ஹுமாயூன் கல்லறை. உள்ளே நுழைந்ததும் நேராகப் போகாமல் வலப்புறம் திரும்பி ஈசா கான் கல்லறையைப் பாருங்கள். 1547-ஐச் சேர்ந்த எண்கோணக் கட்டடம், உயரம் குறைவு, சுற்றிலும் தாழ்வாரம், மேலே சின்னச் சின்ன சத்ரிகள், அதாவது தூண்கள்மேல் நிற்கும் குடைபோன்ற மண்டபங்கள். அங்கிருந்து ஹுமாயூன் கல்லறைக்குப் போனால் அளவிலும் துணிச்சலிலும் ஏற்பட்ட தாவல் உடனே உறைக்கும். 1570 வாக்கில் முடிந்த இதற்கு இரட்டைக் கும்மட்டம். அறைக்குள் நின்று நீங்கள் பார்ப்பது ஒரு கூரை. வெளியே தோட்டத்திலிருந்து தெரிவது அதற்கு மேல் உயரமாக நிற்கும் இன்னொன்று. நடுவில் வெற்றிடம். வெளியே கம்பீரம் வேண்டும், உள்ளே மனித அளவும் வேண்டும் என்பதற்கு இதுதான் வழி. இங்கே ஒரு எச்சரிக்கை: மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. மூட்டு வலி உள்ளவர்கள் ஏறவேண்டாம். கீழே நான்கு பகுதித் தோட்டத்தில் நின்று பார்க்கும்போதுதான் கட்டடம் முழுசாகத் தெரியும், அதனால் இழப்பு ஒன்றும் பெரிதில்லை.

செங்கோட்டையை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. தாஜ் மஹாலுக்குப் பிந்தியது அது. நேரம் மிஞ்சினால் பாருங்கள். திங்கள் விடுமுறை.

சனி காலை நிஜாமுதீன் நிலையத்திலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ் பிடித்தால் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஆக்ரா கண்டோன்மெண்ட். வெள்ளிக்கிழமை அந்த ரயில் கிடையாது, தாஜ் மஹாலும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். அதனால்தான் வெள்ளியை டெல்லியில் வைத்தேன். மதியம் ஆக்ரா கோட்டை. அமர் சிங் வாசலிலிருந்து உள்ளே போவது சரிவுப்பாதை, மெதுவாக ஏறலாம். 1565-இல் அக்பர் தொடங்கிய சிவப்புக் கட்டடமும், பேரன் ஷாஜஹானின் வெள்ளைப் பளிங்கும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

ஞாயிறு முழுவதையும் ஃபதேபூர் சிக்ரிக்குக் கொடுங்கள். ஆக்ராவிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்று சொல்லியிருந்தால், தாஜ் மஹாலை விட்டுவிட்டு இதைத்தான் சொல்லியிருப்பேன். வளைவையும் கும்மட்டத்தையும் முந்நூறு ஆண்டுகளாகப் பழகி, ஹுமாயூன் கல்லறை போன்ற ஒன்றைக் கட்டி முடித்த கையோடு, 1571-இல் அக்பர் தன் புதிய தலைநகர அரண்மனைகளை எப்படிக் கட்டினார் தெரியுமா? தூண், போதிகை, உத்தரம், வெளியே நீளும் கூரை விளிம்பான கொடுங்கை. குஜராத், ராஜஸ்தான் தச்சர்கள் மரத்தில் செய்யும் வேலையைச் சிவப்பு மணற்கல்லில் செய்திருக்கிறார்கள். உங்களுக்கு அங்கே ஊர் மண்டபத்தில் நிற்பதுபோல இருக்கும்.

திவான்-இ-காஸ் என்று சொல்லும் கட்டடத்துக்குள் போங்கள். வெளியே இரண்டு மாடிபோலத் தெரியும், உள்ளே ஒரே அறை. நடுவில் ஒற்றைத் தூண். அடி சதுரம், உடல் எண்கோணம், தலையில் 36 போதிகைகள் பூப்போல விரிந்து ஒரு வட்ட மேடையைத் தாங்குகின்றன. அந்த மேடையிலிருந்து நான்கு மூலைகளுக்கும் கல்பாலங்கள். போதிகை என்பது பாரத்தைத் தூணுக்குக் கொண்டுசேர்க்கும் துணை உறுப்பு. இங்கே அதுவே கட்டடமாகிவிட்டது. தூணைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, ஒரு போதிகைக்கு மேல் அடுத்தது எப்படி நீள்கிறது என்று பாருங்கள். அப்புறம் ஐந்தடுக்கு மண்டபமான பஞ்ச மஹாலின் கீழ்த்தளத் தூண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், செதுக்கு வேலை மாறிக்கொண்டே இருக்கும்.

வழிகாட்டிகள் ‘இது பீர்பால் வீடு’, ‘இது ஜோதாபாய் அரண்மனை’ என்பார்கள். அந்தப் பெயர்கள் பெரும்பாலும் பிற்காலத்தில் ஒட்டியவை. தண்ணீர் தீர்ந்து ஊரைக் கைவிட்டார்கள் என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1585-இல் அக்பர் லாகூருக்குப் போனதற்கு வடமேற்கு எல்லையின் அரசியல் பெரிய காரணம். வண்டி நிறுத்துமிடத்திலேயே வழிகாட்டி என்று சொல்லிப் பலர் சூழ்ந்துகொள்வார்கள். சுற்றுலாத் துறையின் அடையாள அட்டையைப் பார்த்து, தொகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அங்குள்ள பெரிய மசூதியின் உயரமான வாசலான புலந்த் தர்வாஸாவுக்கு வெளியிலிருந்து ஏறும் படிவரிசை மிக உயரமானது. அரண்மனைப் பக்கத்துப் பாத்ஷாஹி வாசல் வழியாக மசூதி முற்றத்துக்குள் போனால் அந்த ஏற்றம் மிச்சம்.

திங்கள் காலை சிக்கந்தரா, அக்பரின் கல்லறை. 1613-இல் முடிந்தது. நுழைவாயிலின்மேல் நான்கு வெள்ளை மினார்களைப் பார்த்து வையுங்கள், நாளை அவை தாஜ் மஹாலின் நான்கு மூலைகளுக்கு வந்துவிடும். மதியம் இத்மாதுத்தௌலா கல்லறை. நூர்ஜஹான் தன் தந்தைக்காக 1622 முதல் 1628 வரை கட்டியது. சிறிய கட்டடம், முழுக்கப் பளிங்கு. பளிங்கில் பள்ளம் வெட்டி, வண்ணக் கற்களை அதே வடிவத்தில் அறுத்துப் பொருத்தும் வேலை இங்கே சுவர் முழுக்க இருக்கிறது. சைப்ரஸ் மரம், பூச்சாடி, கூஜா, பழக்கிண்ணம் எல்லாம் கல்லிலேயே. முகத்தைச் சுவருக்கு அருகில் கொண்டுபோய் இணைப்பைத் தேடுங்கள். எங்கே ஒரு கல் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே நேரம் ஆகும். கையால் மட்டும் தொடாதீர்கள், வியர்வை பளிங்கைக் கெடுக்கும்.

செவ்வாய், தாஜ் மஹால். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே திறப்பார்கள், அப்போதே போய்விடுங்கள். மும்தாஜ் இறந்தது 1631-இல், வேலை தொடங்கியது அடுத்த ஆண்டு. ஹுமாயூன் கல்லறையின் இரட்டைக் கும்மட்டமும் தோட்டமும், சிக்கந்தராவின் மினார்களும், இத்மாதுத்தௌலாவின் கல்பதிப்பும் அங்கே உங்களுக்குத் தனித்தனியாகவே அடையாளம் தெரியும். புதுமை ஒன்றும் உண்டு. அதுவரை தோட்டத்தின் நடுவில் இருந்த கல்லறையை இங்கே தோட்டத்தின் கடைசியில், யமுனைக் கரையில் வைத்துவிட்டார்கள். அதனால் கட்டடத்துக்குப் பின்னால் வானம் மட்டும்தான். கட்டியவர்களின் கைகளை வெட்டினார்கள், எதிர்க்கரையில் கறுப்புத் தாஜ் கட்டத் தொடங்கினார்கள் என்ற கதைகளுக்கு ஆதாரம் கிடையாது. யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு 50 ரூபாய். பளிங்கு மேடைமேல் ஏறிக் கல்லறை அறைக்குள் போக இன்னொரு 200 ரூபாய். உங்கள் மனைவிக்கு அந்த 200 ரூபாய் டிக்கெட் தேவையில்லை என்பது என் கருத்து. மேடைப் படி செங்குத்து, உள்ளே கூட்டம் நகர்த்திக்கொண்டே இருக்கும். கல்பதிப்பைத்தான் முந்தின நாளே நிதானமாகப் பார்த்துவிட்டாரே. வாசல் வரை பேட்டரி வண்டி உண்டு. சாப்பாடு, தீப்பெட்டி, பெரிய பை, ட்ரைபாட் எதையும் விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். மற்ற இடங்களில் கட்டணம் பெரும்பாலும் குறைவு, தொல்லியல் துறை இணையதளத்தில் எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறையும், வரிசையும் மிச்சம்.

திரும்புவதற்கு டெல்லி போகவேண்டாம். சென்னை போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா கண்டோன்மெண்டில் நிற்கிறது, அங்கேயே ஏறிக்கொள்ளலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். கீழ்ப் படுக்கை வேண்டும் என்றால் திறக்கும் அன்றே எடுத்துவிடுங்கள்.