பல்லியா, பள்ளியா? போன், சிம், தமிழ் டைப்பிங்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, வயது 66. பேரன் வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகிறான், படித்து முடிப்பதற்குள் தலை சுற்றுகிறது. எனக்குத் தமிழ் எழுத்திலேயே எழுத வேண்டும். பேசினாலே போன் எழுதிக்கொள்ளும் என்கிறார் ஒருவர். ஆங்கிலத்தில் அடித்தால் தமிழாக மாறிவிடும் என்கிறார் இன்னொருவர். தமிழ்99 விசைப்பலகை பழகுங்கள் என்கிறார் மூன்றாமவர். எதைப் பிடிப்பது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: டீச்சர், உங்களுக்கு நான் தயங்காமல் சொல்வது தமிழ்99. ஆனால் மற்றவற்றையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது.

ஆங்கிலத்தில் அடித்துத் தமிழாக மாற்றுவதுதான் இன்று நிறையப் பேர் பிடித்திருக்கும் வழி. புதிதாகப் பழக ஒன்றுமில்லை, அதனால்தான். சிக்கல் எங்கே என்றால், ஆங்கிலத்தில் 'எல்' ஒன்றுதான், நமக்கோ ல, ள, ழ என்று மூன்று. பல்லி என்று நினைத்து அடித்தாலும் பள்ளி என்று நினைத்து அடித்தாலும் விரல் தட்டுவது அதே ஐந்து எழுத்தைத்தான். எது வேண்டும் என்பதைக் கருவி ஊகிக்கிறது, அது தப்பினால் மேலே வரும் பட்டியலில் தேடி நீங்கள் தொட வேண்டும். மனம், மணம், அரம், அறம், பலம், பழம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் கண் மேலே போய் மேலே போய் வரும். அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை, 'நாளை பல்லி விடுமுறை' என்று செய்தி போய்விடுகிறது. எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம், இப்படியே பல வருடம் எழுதியவர்கள் பேனா எடுக்கும்போது எந்த ன, எந்த ர என்று நின்று யோசிப்பதைப் பார்ப்பது. எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கருவியிடம் விட்டால், அந்த நினைவு நம் கையை விட்டுப் போகிறது.

பேசி எழுதுவது நல்ல வசதி. கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழுக்கு 2017-இல் வந்தது, இன்று நன்றாகவே வேலை செய்கிறது. 'பஸ் ஏறிட்டேன், ஏழு மணிக்கு வந்துடுவேன்' மாதிரி ஒரு வரிக்கு இதைவிட வேகமான வழி இல்லை. நீளமாக எழுத உட்கார்ந்தால்தான் தொல்லை: ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் மாறி விழும், காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் தேடித் தேடிப் போட வேண்டும், பக்கத்தில் டிவி ஓடினால் அந்தப் பேச்சும் உள்ளே வந்துவிடும். விரலால் திரையில் எழுதும் வசதியும் இருக்கிறது. கரும்பலகையில் எழுதிய கைக்கு அது முதல் நாளே பிடித்துப்போகும், ஆனால் பத்து வரி தாண்டினால் விரல் வலிக்கும்.

இப்போது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை இது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, ஆக 31 விசையில் 247 எழுத்தும் முடிந்துவிடும். உயிர் எழுத்துகள் இடது பக்கம். வலது பக்க நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய. நீங்கள் வகுப்பில் 'மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய்' என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்ததுதான் இங்கே விதி: க தட்டி ஆ தட்டினால் கா. அவ்வளவுதான்.

அழகே புள்ளியில் இருக்கிறது. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் 'அம்மா' வந்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: த, ம, ப, இ தட்டினால் 'தம்பி'. வ, ந, த, ஆ, ங, க தட்டினால் 'வந்தாங்க'. மமதை மாதிரி புள்ளி வேண்டாத சொல் எப்போதாவது வரும், அங்கே முதல் ம-வுக்குப் பிறகு ஒரு அ தட்டிவிட்டால் போதும். நம் மொழியில் எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து செய்த வேலை இது என்பது தட்டத் தட்டத்தான் புரியும்.

ஐபோனில் 2013 முதல் தமிழ்99 கூடவே வருகிறது, விசைப்பலகை அமைப்பில் போய்ச் சேர்த்துக்கொண்டால் சரி. ஆண்ட்ராய்டில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். தினம் இருபது நிமிடம், இரண்டு வாரம். முதல் நாலு நாள் எரிச்சலாக இருக்கும், விட்டுவிடாதீர்கள். பேரன் எந்த எழுத்தில் அனுப்பினாலும் நீங்கள் தமிழிலேயே பதில் போடுங்கள்.

கேள்வி: விரலை எடுக்காமல் எழுத்துகள் மேல் இழுத்துக்கொண்டே போய் ஆங்கிலம் அடிக்கிறார்களே, அது ஐபோனில் வருமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வரும், 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் இருக்கிறது. தனியாக எதுவும் போட வேண்டாம். ஸ்வைப் என்ற நிறுவனம் பரவலாக்கிய முறை இது, அவர்களுடைய செயலி 2009-இல் சாம்சங் ஆம்னியா 2 போனில் முதலில் வெளியானது. இதை உருவாக்கியவர்களில் ஒருவரான கிளிஃப் குஷ்லர், பழைய பட்டன் போனில் நாம் எல்லோரும் பயன்படுத்திய டி9 முறையையும் உருவாக்கியவர்களில் ஒருவர். அந்தச் செயலியை 2018-இல் நிறுத்திவிட்டார்கள், முறை மட்டும் எல்லா போனிலும் தங்கிவிட்டது. ஒரு கையில் பையோடு நிற்கும்போது இதற்கு ஈடு இல்லை.

கேள்வி: வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். இப்போதுள்ள சிம்மில் வாசலுக்கு வந்தால்தான் பேச முடிகிறது. ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல், எதற்கு மாறலாம்? 5ஜி போன் வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, வால்பாறை

பதில்: அம்மா, எந்த கம்பெனி நல்லது என்று சென்னையில் உட்கார்ந்து ஒருவர் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். மலையில் ஒரு வளைவு தாண்டினால் டவர் மறைந்துவிடும். உங்கள் லைனில் குடியிருப்பவர்களில் வேறு வேறு சிம் வைத்திருக்கும் மூன்று பேரை ஒரு மாலை டீக்குக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு போனையும் உங்கள் அடுப்படியில் வைத்து, ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் 'அபௌட் போன்', அதற்குள் 'சிம் ஸ்டேட்டஸ்' போய்ப் பாருங்கள். சிக்னல் அளவு மைனஸ் எண்ணாகக் காட்டும். 4ஜியில் மைனஸ் 90 பக்கம் இருந்தால் நல்லது, மைனஸ் 110 தாண்டினால் தடுமாறும், 120 என்றால் விட்டுவிடலாம். மேலே தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு போனும் ஒரு கணக்கில் காட்டுகிறது. அங்கிருந்தே ஒரு கால் போட்டு இரண்டு நிமிடம் பேசியும் பார்த்துவிடுங்கள். நிறுவனங்கள் தங்கள் தளத்தில் கவரேஜ் வரைபடம் போட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்திருக்கிறது, அதையும் பார்க்கலாம், ஆனால் அடுப்படியில் எடுத்த எண்தான் எனக்குப் பெரிது.

5ஜி போன் வாங்கினால் டவர் கிட்டே வந்துவிடாது. அதைவிட முக்கியம் 'பேண்ட்', அதாவது போன் எந்தெந்த அலைவரிசையைப் பிடிக்கும் என்பது. குறைந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் தாண்டும். ஜியோவுக்கு 850 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 5. பிஎஸ்என்எல் 2025 செப்டம்பரில் தன் சொந்த நாட்டுத் தொழில்நுட்ப 4ஜியை நாடு முழுக்கத் தொடங்கியது, அதற்கு 700 மெகாஹெர்ட்ஸில் பேண்ட் 28 இருக்கிறது. பழைய போன்கள் சிலவற்றில் பேண்ட் 28 கிடையாது, அப்போது பக்கத்திலேயே பிஎஸ்என்எல் டவர் இருந்தாலும் உங்கள் போனுக்கு அந்த அலை தெரியாது. வாங்கும்முன் தயாரிப்பாளர் தளத்தில் பேண்ட் பட்டியலைப் பாருங்கள். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் 'வைஃபை காலிங்' ஆன் செய்துகொள்ளுங்கள், சிம் மாற்றாமலேயே பாதிப் பிரச்சினை தீரலாம்.

மாறுவது என்று முடிவானால், போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்து கொண்ட ஒரு குறியீடு வரும், நம் பக்கம் அது நாலு நாள் செல்லும். இப்போதைய கம்பெனியில் குறைந்தது 90 நாள் இருந்திருக்க வேண்டும். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மாற மூன்று வேலை நாள். சிம் தொலைந்து புது சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் கழித்துத்தான் விண்ணப்பிக்க முடியும். மாறும் நாளில் பேங்க் வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அப்பா பழைய பட்டன் போனை விட மாட்டேன் என்கிறார். எங்கள் ஜியோ சிம்மைப் போட்டால் எடுக்கவில்லை. நெட் அவருக்குத் தேவையே இல்லை, ஆனால் நெட் சேர்த்துத்தான் ரீசார்ஜ் செய்கிறோம்.
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: போனில் கோளாறு இல்லை. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது, 4ஜி வழியாகத்தான் பேச்சே போகும், அதனால் 2ஜி பட்டன் போன் அதைக் கண்டுகொள்ளாது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் மூன்றிலும் 2ஜி இருக்கிறது. அல்லது 4ஜி பட்டன் போன் ஒன்று வாங்கிக்கொடுங்கள், கை அதே பட்டனில்தான் இருக்கும். நெட் இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது, எல்லா கம்பெனியிலும் இருக்கிறது. கடைக்காரர் தானாகச் சொல்வது அபூர்வம், கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அம்மா வயல் வேலை செய்பவர். டச் போன் வாங்கிக்கொடுத்தோம், அவர் தொட்டால் வேலை செய்யவில்லை, நான் தொட்டால் செய்கிறது. போன் பழுதா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் என் அம்மா ஞாபகம்தான் வந்தது. கால் வருகிறது, பச்சைப் பட்டனை இழுக்கிறார், போன் அசையவில்லை, மறுபடி இழுக்கிறார், மணி நின்றுவிடுகிறது. 'எனக்கு இது வராதுப்பா' என்று என்னிடம் போனை நீட்டினார். தப்பு அவருடையது இல்லை. இந்தத் திரைகள் அழுத்தத்தை அறிவதில்லை, தோலின் மின்தன்மையை வைத்து விரலைக் கண்டுபிடிக்கின்றன. உழைத்துக் காய்ப்பேறி, உலர்ந்து வெடித்த விரல் அதற்குச் சரியாகத் தெரிவதில்லை, மேலே கடையில் ஒட்டிக்கொடுத்த தடித்த கண்ணாடியும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸில் 'டச் சென்சிட்டிவிட்டி' இருந்தால் (சாம்சங்கில் இருக்கிறது) ஆன் செய்யுங்கள். விரல் நுனியால் குத்தாமல் சதைப்பகுதியை வைக்கச் சொல்லுங்கள், லேசாக ஈரம் தொட்டுக்கொண்டாலும் வித்தியாசம் தெரியும். கால் எடுக்க இழுப்பதற்குப் பதில் ஒரே தட்டு என்று மாற்றும் வசதியும் பல போன்களில் உண்டு. அப்புறம், அம்மாவிடம் பழுது போனில்தான் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன். 20,000 ரூபாய் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் ஐபோனா, புது ஆண்ட்ராய்டா?
– வாசகர், மதுரை

பதில்: புது ஆண்ட்ராய்டு. நாலு வருடம் ஓட வேண்டும் என்றால் கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று பார்ப்பதைவிட, எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று பாருங்கள். இந்த விலைப் பிரிவில் வந்த சாம்சங் ஏ16 5ஜிக்கு ஆறு வருடம் சொல்லியிருக்கிறார்கள், இரண்டே வருடத்தில் கைவிடப்படும் போன்களும் அதே அலமாரியில் அதே விலைக்கு இருக்கும். '8 ஜிபி ப்ளஸ் 8 ஜிபி ரேம்' என்று எழுதியிருந்தால் பின்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்குவது.

ஐபோன்தான் என்று மனசு நின்றுவிட்டால், பேட்டரி ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். விற்பவர் தன் ஆப்பிள் கணக்கை உங்கள் கண் முன்னே எடுத்த பிறகு பணம் கொடுங்கள். எந்த பழைய போனாக இருந்தாலும் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பின் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டு போன் என்று முடக்கியிருந்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் கணக்கு சீக்கிரம் தீர்கிறதே, ஏன்?
– வாசகர், காரைக்கால்

பதில்: ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. ஒரே ஒரு தமிழ் எழுத்து உள்ளே வந்தாலும் அது 70 ஆகிவிடும். அதோடு நம் எழுத்தை போன் எண்ணும் விதமும் வேறு: 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, புள்ளிகளையும் தனியாக எண்ணி போனுக்கு அது ஏழு. 70 தாண்டினால் 67, 67 ஆகப் பிரித்து ஒவ்வொன்றும் ஒரு எஸ்எம்எஸ் என்று கணக்கில் ஏறும். வாட்ஸ்அப்பில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: கௌரி அக்கா நம்பரை போனில் தேடினால் 'இல்லை' என்கிறது. பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனால் இருக்கிறது! என்ன மாயம்?
– வாசகி, தென்காசி

பதில்: யாரோ 'கௌரி' என்பதை 'கெளரி' என்று பதிந்திருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவதில் க-வோடு ஔகாரக் குறி ஒரே எழுத்தாகச் சேர்ந்திருக்கிறது, இரண்டாவதில் கெ என்று ஒரு எழுத்து, பக்கத்தில் ள என்று இன்னொரு எழுத்து. போனுக்கு இவை வேறு வேறு பெயர். பார்வையற்றவர்களுக்குப் படித்துக்காட்டும் செயலி இரண்டாவதை 'கெ-ள-ரி' என்றே வாசிக்கும். ஔவையாரையும் இப்படித்தான் ஒ, ள என்று இரண்டாக உடைத்து எழுதி வைத்திருக்கிறார்கள், தேடினால் பாதிப் பக்கங்கள் வருவதில்லை.

சரிபார்க்க ஒரு வழி: பெயரைத் திருத்தத் திறந்து, கடைசியிலிருந்து அழித்துக்கொண்டே வாருங்கள். ரி போன பிறகு இன்னொரு முறை அழிக்கும்போது 'கெ' மிச்சம் நின்றால் அது தப்பாகப் பதிந்தது. முழுக்க அழித்துவிட்டு க தட்டி ஔ தட்டுங்கள். அதே கையோடு கௌதம், சௌந்தர், மௌலி என்று யாராவது இருந்தால் அவர்களையும் பார்த்துவிடுங்கள்.