அமெரிக்கப் படைவீரர் குடும்பங்களுக்கு: கல்லறை, ஆவணம், மாநில உதவி – கேள்வி பதில்

அமெரிக்கப் படைகளில் பணியாற்றிய கணவர், மகன், மருமகன் உள்ள தமிழ்க் குடும்பங்கள் கேட்டவை இவை. துக்க வீட்டில் உட்கார்ந்து படிவம் தேடும் நிலை யாருக்கும் வரக்கூடாது என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் கணவர் தரைப்படையில் இருந்தவர். அஸ்தி முழுவதையும் ராமேசுவரத்தில் கரைத்துவிட்டால் இங்கே அவர் பெயரில் ஒரு கல்கூட இருக்காதா?

இருக்கும். அஸ்தி வைக்கும் மாடங்கள் அடுக்கிய சுவர் பல படைவீரர் கல்லறைகளில் உண்டு. மண்ணில் புதைக்கவும் இடம் தருவார்கள். முழுவதையும் கடலில் கரைத்துவிட்டால், உடல் கிடைக்காத வீரர்களுக்கு நினைவுக்கல் நடுகிற பகுதியில் அவருக்கும் ஒரு கல் கேட்கலாம். கல்லும் அதில் எழுத்துப் பொறிப்பதும் மத்திய அரசின் படைவீரர் நலத் துறையான வி.ஏ. செலவு. ஒரு பகுதியை எங்காவது அடக்கம் செய்துவிட்டால் இந்த நினைவுக்கல் விதி பொருந்தாது. அதனால் அஸ்தியைப் பிரிப்பதற்கு முன்பே கல்லறை அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

இன்னொன்று. சிலுவைதான் செதுக்குவார்கள் என்று நினைத்து, சமயச் சின்னம் கேட்கும் கட்டத்தை நம்மவர்கள் காலியாக விட்டுவிடுகிறார்கள். வி.ஏ. ஏற்றுக்கொண்ட சின்னங்களில் ஓம் இருக்கிறது. விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள்.

மனைவியின் தாத்தா கொரியப் போரில் தரைப்படை வீரர். நேற்று காலமானார். படையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்று எங்கும் கிடைக்கவில்லை.

முதலில் அடக்க ஏற்பாட்டை நிறுத்தாதீர்கள். இறுதிச் சடங்கு நிறுவனத்திடம் சொன்னால் அவர்களே தேசியக் கல்லறைகளின் பதிவு அலுவலகத்தைத் தொடர்புகொள்வார்கள். கையில் காகிதம் இல்லாவிட்டாலும் தகுதியைச் சரிபார்க்க அங்கே உதவுவார்கள். பிறந்த தேதி, படைப்பிரிவு, சமூகப் பாதுகாப்பு எண், பணி எண் இவற்றில் எது கிடைத்தாலும் கொடுங்கள்.

காகிதத்துக்கு இரண்டு வழி. ஒன்று, அவர் ஊர் திரும்பியபோது வாழ்ந்த கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) பதிவு அலுவலகம். அந்தக் காலத்து வீரர்கள் பலர் சான்றை அங்கே பதிந்து வைத்தார்கள். நிறைய பேருக்கு அங்கேதான் கிடைக்கிறது. இன்னொன்று, செயின்ட் லூயிசில் உள்ள தேசியப் பணியாளர் ஆவணக் காப்பகம். அடக்கத்துக்கு என்று குறிப்பிட்டால் அவசர விண்ணப்பமாக எடுப்பார்கள். 1973 ஜூலை 12 அன்று அங்கே பிடித்த தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போயிற்று. உங்கள் தாத்தாவுடையது அதில் அகப்பட்டிருக்கலாம். அப்படியானால் சம்பளப் பதிவு போன்றவற்றை வைத்து அவர் பணியாற்றியதற்குச் சான்று தருவார்கள்.

படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிடி-214 படிவம்தான் எல்லாவற்றுக்கும் சாவி. வீட்டில் உயிரோடு இருக்கும் படைவீரரிடம் இன்றே கேட்டு, பிரதி எடுத்து வையுங்கள்.

மாநிலக் கல்லறைக்கும் தேசியக் கல்லறைக்கும் என்ன வித்தியாசம்?

தேசியக் கல்லறைகளை வி.ஏ. நடத்துகிறது. மாநிலக் கல்லறைகளில் பெரும்பாலானவை, 1978-ல் தொடங்கிய மத்திய மானியத் திட்டத்தில் கட்டப்பட்டு மாநில அரசால் நடத்தப்படுபவை. பராமரிப்பில் குறை இருக்காது. வித்தியாசம் நிபந்தனையில்தான்: சில மாநிலங்கள் அங்கே குடியிருந்தவராக இருக்கவேண்டும் என்கின்றன, சில, மனைவி அல்லது கணவரின் அடக்கத்துக்குக் கட்டணம் வாங்குகின்றன. தேசியக் கல்லறையில் அவர்களுக்கும் இலவசம். எனக்குக் கேட்டால், பிள்ளைகள் அடிக்கடி போய்வர முடிகிற இடம் எதுவோ அதுவே நல்லது.

மகன் கடற்படையில் இருக்கிறான். பெற்றோர் நாங்கள் அவனருகே அடக்கமாக முடியுமா?

பொதுவாக முடியாது. பகைவர் தாக்குதலிலோ போர்ப் பயிற்சியிலோ உயிரிழந்த வீரருக்கு மனைவியோ குழந்தையோ இல்லாதபோது மட்டும், அதே குழியில் இடம் இருந்தால், பெற்றோரை அனுமதிக்கும் சட்டம் 2010-ல் வந்தது. அப்படி ஒரு தேவை உங்களுக்கு வரவே வேண்டாம்.

நான் படைவீரர். எனக்கு முன்பே என் மனைவி இறந்தால்?

அவரை முதலில் அடக்கம் செய்யலாம். பின்னால் உங்களுக்கும் அதே இடம்தான்.

ராணுவ மரியாதை தானாக நடக்குமா?

கேட்டால்தான் நடக்கும். இறுதிச் சடங்கு நிறுவனம் மூலம் கேளுங்கள். சீருடையில் குறைந்தது இருவர் வந்து, கொடியை மடித்து உங்கள் கையில் தருவார்கள். ‘டாப்ஸ்’ என்னும் ராணுவ அஞ்சலி இசை ஒலிக்கும். கொடி ஐந்தடிக்கு ஒன்பதரை அடி, பருத்தித் துணி. வெயிலிலும் மழையிலும் பறக்கவிட ஏற்றதல்ல. ஒரு வீரருக்கு ஒரு கொடிதான், ஆகவே யார் வாங்குவது என்று முன்பே பேசி வையுங்கள்.

ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மனு எழுதித்தர ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். முதல் மனுவை எழுதித்தரக் கட்டணம் வாங்குவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. உடம்பைத் தந்து பெற்ற உரிமைக்கு இடைத்தரகர் பங்கு கேட்பதைப் பார்க்கையில் ரத்தம் கொதிக்கிறது. பெரும்பாலான கவுண்டிகளில் படைவீரர் சேவை அலுவலர் இருக்கிறார், அவர் இலவசமாக எழுதித் தருவார். சொத்துவரிச் சலுகை, மாநில முதியோர் இல்லம், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணச் சலுகை ஆகியவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதையும் அதே மேசையில் கேட்டுவிடலாம். டெக்சாசில், உதாரணமாக, தகுதியுள்ளவருக்கு ஹேசில்வுட் சட்டப்படி 150 கிரெடிட் மணிநேரம் (கல்லூரிப் பாட அளவு) வரை அரசுக் கல்லூரிக் கட்டணம் இல்லை. பயன்படுத்தாத மணிநேரத்தைப் பிள்ளைக்கு மாற்றித் தரவும் வழி உண்டு. டிடி-214, மருத்துவ அறிக்கை, திருமணச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.