ஆளவந்தாருக்குப் பின் உடையவர்: கேள்வி பதில்

ஸ்ரீரங்கம் வாசகி: வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் விரல்கள் மடங்கியிருந்த கதை நிஜமா?

குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன, நான் நம்புகிறேன். பெரிய நம்பியோடு காஞ்சியிலிருந்து ஓடோடி வந்த உடையவருக்கு, அதாவது ராமானுஜருக்கு, காணக் கிடைத்தது ஆசாரியரின் உயிர் பிரிந்த சரம திருமேனிதான். மூன்று விரல் மடங்கியிருந்தன. மூன்று பிரதிக்ஞை செய்தார், மூன்றும் விரிந்தன. பிரம்ம சூத்திரத்துக்கு உரை ஸ்ரீபாஷ்யமாக வந்தது. பராசர முனிவர் பெயரைத் தம் சீடர் கூரத்தாழ்வான் பிள்ளைக்கு வைத்தார். திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி என்ற உரையைச் சீடர் பிள்ளானை எழுத வைத்தார். விரல் விரியச் சில நொடி, இவை முடியப் பல வருஷம். விரலிலேயே நின்றுவிடாதீர்கள்.

சேலம் வாசகர்: ஆளவந்தாரிடம் நேரில் ஒரு வார்த்தைகூடக் கேட்காத உடையவர் எப்படி அவர் இடத்துக்கு வர முடியும்?

இதைத்தான் கேட்க வேண்டும். ஆளவந்தார் ஒருமுறை காஞ்சியில் தூரத்திலிருந்து பார்த்து, ‘ஆம் முதல்வன் இவன்’ என்றதோடு சரி. ஒருவரிடம் கேட்க வேண்டியதை உடையவர் ஐந்து பேரிடம் போய்ச் சேகரித்தார்: பெரிய நம்பி, திருக்கோஷ்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப் பெருமாள் அரையர், பெரிய திருமலை நம்பி. ஐவரும் ஆளவந்தாரின் சீடர்கள். அரையரிடம் ஆறு மாதம் பால் காய்ச்சிக் கொடுத்தார், பூசிக்கொள்ள மஞ்சள் காப்பு அரைத்துக் கொடுத்தார். ஒருநாள் காப்பு சரியில்லை என்று அரையர் முகம் சுளித்தது போலிருக்க, மறுபடி அரைத்தார். அப்போது அவர் துறவி, மடத்தின் தலைவர்!

அதற்காகத் தலையாட்டி என்று நினைக்க வேண்டாம். திருவாய்மொழியின் ‘அறியாக் காலத்துள்ளே’ பாசுரத்தைத் திருமாலையாண்டான் ஆழ்வாரின் வருத்தமாகச் சொன்னார். பதிகமே ஆனந்தமாயிருக்க நடுவில் வருத்தம் எப்படி வரும், இது நன்றி என்றார் உடையவர். ‘விசுவாமித்திர சிருஷ்டி’, அதாவது நீராகப் புதிதாகப் படைத்த அர்த்தம், என்று ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார். திருக்கோஷ்டியூர் நம்பி வந்து, இதே அர்த்தத்தை ஆளவந்தார் சொல்ல நானே கேட்டிருக்கிறேன் என்ற பிறகுதான் பாடம் தொடர்ந்தது. ஆளவந்தாருக்குத் தாம் ஏகலவ்யன் என்பார் உடையவர்.

மதுரை வாசகர்: திருக்கோஷ்டியூர் நம்பி ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை உடையவர் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னது குருத்துரோகம் இல்லையா?

நம்பியே ‘எம்பெருமானார்’ என்று அணைத்துக்கொண்டாரே. அப்புறம் நமக்கென்ன?

கும்பகோணம் வாசகர்: ஆளவந்தார் நாதமுனிகளின் பேரன். வம்சத்துக்குத்தானே பீடம் போயிருக்கிறது?

அவசரப்படாதீர்கள். நாதமுனிகளிடமிருந்து உய்யக்கொண்டார், அவரிடமிருந்து மணக்கால் நம்பி, பிறகுதான் பேரன். நடுவிலிருந்த இருவரும் வம்சமில்லை. அந்தப் பேரனோ அரச போகத்தில் இருந்தார். மணக்கால் நம்பி ஆறு மாதம் தினமும் அரண்மனை அடுக்களைக்குத் தூதுவளைக் கீரை கொண்டுபோய்க் கொடுத்தார். திடீரென்று நிறுத்தினார். இலையில் கீரை இல்லையே என்று ஆளவந்தார் கேட்டபோதுதான் இவர் உள்ளே போக முடிந்தது. வம்சம் தானாகவே கொண்டுவந்து சேர்த்திருந்தால் கீரை எதற்கு?

மறுபடி கும்பகோணம்: உடையவர் ஆசாரியர்களாக நியமித்த 74 சிம்மாசனாதிபதிகளின் சந்ததியார் இன்றும் ஆசாரியர்கள்தானே?

ஆமாம். நான் மறுக்கவே இல்லை. பிறப்பு மட்டும் போதுமா என்றுதான் கேட்கிறேன். அரையர் யார் தெரியுமா? ஆளவந்தாரின் சொந்தப் பிள்ளை. தகப்பனார் இடத்துக்கு உரிமை கொண்டாடாமல் காஞ்சிக்குப் போய் வரதராஜப் பெருமாள் முன் பாடி ஆடி, பரிசாக ராமானுஜரைக் கேட்டு வாங்கி அழைத்து வந்தார். அப்புறம் தாமே அவருக்கு வாத்தியாராகவும் இருந்தார். இதற்கு மேல் உதாரணம் என்னிடம் இல்லை.

சென்னை வாசகர்: அப்படியென்றால் உடையவருக்குப் பின் பராசர பட்டர் வந்தது? கூரத்தாழ்வான் மகனாயிற்றே!

உடையவருக்கு மகன் இல்லையே, சுவாமி! பட்டர் சீடரின் பிள்ளை. பட்டருக்குப் பின் வந்த நஞ்சீயர் யார்? மேல்கோட்டைப் பக்கத்து அத்வைத பண்டிதர். பட்டரே தேடிப் போய் வாதம் செய்து ஜெயித்த ஆள்.

திருச்சி வாசகி: மடங்கிய விரல்கள் எந்தெந்த விரல்கள்?

அம்மா, முதல் பதிலைப் பாருங்கள்.

கோவை வாசகர்: கோபுரத்தில் ஏறியது...

மேலே சொல்லியாயிற்று. மஞ்சள் காப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே!