இரத்தம், ரோக்கோ, கதிர்வீச்சு: உங்கள் கேள்விகளுக்கு ஒரு பழைய மிஸ்ஸியின் பதில்கள்

பினாங்கில் கதிர்வீச்சுப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் தாதியாக, இங்கே சொல்வதுபோல் மிஸ்ஸியாக, இருந்து ஓய்வு பெற்றவள் நான். வாய், தொண்டைப் புற்றுநோய் பற்றி வந்த கேள்விகளில் பாதி இரத்தச் சோகையையும் சிகரெட்டையும் (ரோக்கோ) சுற்றியே இருந்தன. மருந்தின் அளவெல்லாம் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு நாக்கில் புற்று. இரத்தச் சோகை, ஹீமோகுளோபின் 9.8-தான். இரத்தம் ஏற்றிவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் சரியாகிவிடும்தானே, மிஸ்ஸி?

இரத்தம் ஏற்றினால் எண் ஏறும்மா. ஆயுளும் கூடவே ஏறுவதில்லை, அதுதான் சங்கடம்.

கதிர் புற்றணுவை நன்றாகக் கொல்வதற்கு அங்கே ஆக்சிஜன் இருக்க வேண்டும். அதைச் சுமந்து போவது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான். ஆக்சிஜன் வற்றிய கட்டிக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். இரத்தம் குறைந்தவர்களுக்குக் கட்டி திரும்புவதும் இறப்பும் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டின. அப்படியானால் ஏற்றிவிட்டால் போயிற்று என்று டென்மார்க்கில் ஏற்றிப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. இரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபொய்டின் ஊசியை 351 பேரிடம் சோதித்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. ஹீமோகுளோபின் அழகாக ஏறியிருந்தது, ஆனால் ஊசி போட்டவர்களுக்கே நோய் கட்டுப்படுவது மோசமாக இருந்தது.

பெரிய கட்டி, கசியும் இரத்தம், விழுங்க முடியாமல் மாதக்கணக்கில் அரைவயிறு, இவையும் சோகையைக் கொண்டுவரும். அதனால் சோகை பாதி காரணம், பாதி அடையாளம். அதற்காக 9.8-ஐ அப்படியே விட்டுவிடாதீர்கள். ஏன் குறைந்தது என்று கேளுங்கள். ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்த இரும்பின் அளவு), வைட்டமின் பி12 பார்த்தார்களா? குடும்பத்தில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உண்டா? அது தெரியாமல் ஃபார்மசியில் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். மூச்சு வாங்கும் அளவுக்குக் குறைந்தால் டாக்டர் இரத்தம் ஏற்றச் சொல்வார், அது வேறு விஷயம்.

செந்தூல், ஒரு மனைவி: கதிர்வீச்சு எடுக்கும் என் வீட்டுக்காரருக்கு ஹீமோகுளோபின் 16 இருக்கு. "நல்ல இரத்தம், நாலு ரோக்கோ ஒன்னும் பண்ணாது" என்கிறார்.

அந்த 16-ஐ நம்பாதீங்க. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் என்ற பஸ் நிறைய ஓடுது, ஆக்சிஜனின் சீட்டில் உட்கார்ந்திருப்பது வேறு ஆள். ஆக்சிஜன் போதாமல் உடம்பு இன்னும் பஸ் விடும், ரிப்போர்ட்டில் எண் பிரமாதமாகத் தெரியும்.

1993-ல் கனடாவிலிருந்து தலை, கழுத்துப் புற்று உள்ள 115 நோயாளிகளைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. கதிர்வீச்சின்போதும் புகைத்தவர்களில் கட்டி முழுவதும் கரைந்தது 45 சதவீதத்தினருக்கு, மற்றவர்களில் 74. இரண்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம், மற்றவர்களில் 66. புகைக்கிறவர்களுக்கு வேறு வியாதிகளும் இருக்கும் என்பதைக் கழித்தாலும் இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஒருவர் இன்னும் என் கண்ணில் நிற்கிறார். மெஷின் அறையிலிருந்து வந்து கார் பார்க் மரத்தடியில் நிற்பார். முகத்தை அசையாமல் பிடிக்கும் வலைமுகமூடியின் கட்டம் கட்டமான தடம் நெற்றியில் மறைவதற்குள் லைட்டர் கையில் இருக்கும். திட்டியிருக்கிறேன். திட்டினால் யாரும் விடுவதில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: அந்த வாயுவில் பாதி, நாலைந்து மணி நேரத்தில் வெளியேறிவிடும். இன்றிரவு நிறுத்தினால் நாளைக் காலைக் கதிருக்கே ஆக்சிஜனுக்குப் பல சீட் காலியாக இருக்கும்.

ஜெலுத்தோங்: அப்போ வேப்?

எதுவும் எரியாததால் கார்பன் மோனாக்சைடு ரொம்பக் குறைவு. ஆனால் கதிரில் வெந்த வாய்க்குள் சூடான ஆவியா? கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) புகை நிறுத்த உதவி கிடைக்கும், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை கேளுங்கள். புண் வாய்க்கு நிக்கோட்டின் கம் எரியும்.

நிபோங் திபால்: பாட்டி எஸ்டேட்டில் வேலை செய்தவர். சிகரெட் தொட்டதில்லை, வெற்றிலை மட்டும்தான். புகையிலைகூட இல்லை. பிறகு ஏன் புற்று?

பாக்கே போதும், ஐயா. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு சொல்லியாயிற்று. சிகிச்சையின்போது ஒரு சீவல்கூட வேண்டாம். வாய் இறுகித் திறக்க முடியாமல் போனால் சாப்பாடு குறையும், இரத்தமும் குறையும்.

பிரிக்பீல்ட்ஸ்: இரத்தம் ஊற என்ன கொடுக்கலாம்?

ஈரல், மீன், முட்டை, முருங்கைக்கீரை. எல்லாவற்றையும் மைய அரைத்துக் கஞ்சியில் கலந்து, காரமில்லாமல், ஆற வைத்துக் கொடுங்கள். தே தாரிக் டீயைச் சாப்பாட்டோடு கொடுக்காதீர்கள், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள், அதுவும் ஆறினதாக.